ஜீப்பைத் திருப்பச் சொன்ன சத்தம்

வாரா வாரம் நான் எழுதுகிற இந்த இடத்தில் போன வாரம் நான் இல்லை. 'அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று இரண்டு மூன்று பேர் கேட்டு அனுப்பினார்களாம். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. மனசுதான் கொஞ்சம் ஆடிப்போய், இப்போதுதான் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவசரமில்லாமல் சொல்கிறேன். கேளுங்கள்.

என் கடைசி மகள் கோமதி வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்கு அங்கே மளிகைக் கடை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து — போகாத கோயில் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை — இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே?

நான் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவள். எங்கள் ஊர் களமருதூரைச் சுற்றி நான் இறங்கி நாற்று நடாத வயல் இல்லை. அதில் ஒரு வரப்புகூட எனக்குச் சொந்தமில்லை. ஆனால் என் வீட்டுப் பெண்கள் யாரும் முதல் பிள்ளையை மாமியார் வீட்டில் பெற்றதில்லை. நான் அப்படி. என் மூத்த மகள் அப்படி. எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை பேச வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

வளைகாப்பு ஏழாம் மாதமே முடிந்தது. அன்றைக்கே கையோடு கூட்டி வந்திருப்பேன். மலையில் மழை. "ரோடு காயட்டும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ரோடு காய்ந்தபோது எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. எட்டில் அழைத்து வர மாட்டோம். ஆகவே ஒன்பதாம் மாதம், வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கட்டுச்சோறு தெரியாத டவுன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவள் ஐந்து வகைச் சோறு கிளறிக் கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறி, அதற்கப்புறம்தான் பெண்ணை அழைத்து வர வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். எல்லாம் என் ஒரு கைப்பாடு. மருமகளைக் கரண்டி தொட விடவில்லை.

பெரிய மகன் கள்ளக்குறிச்சியில் மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வளைவுக்கு வளைவு தூக்குச் சட்டிகள் என் மடிக்கு வந்து உட்கார்ந்தன. புளிச்சோற்று எண்ணெய் பட்டுப் புடவையில்... போகட்டும். வெள்ளிமலையில் மாப்பிள்ளை வந்து இறக்கிக்கொண்டார்.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, அக்கம்பக்கத்தை எல்லாம் அழைத்து உட்கார வைத்திருந்தார். முதல் வாய் உள்ளே போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எலுமிச்சஞ்சோறு நல்லாத்தான் கீது அண்ணி. உப்புதான் கொஞ்சம் கம்மி."

"உங்களுக்கு பிரஷர் ஜாஸ்தின்னு கோமதி சொன்னா. அதான் கம்மியா போட்டேன்."

சம்பந்திகள் வேறு எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

கோமதிதான் இலையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"ஏண்டி, ஒரு வாயும் எறங்கலையா?"

"பசிக்கலம்மா."

முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. ஒன்பதாம் மாதத்தில் மூச்சு முட்டும், சோறு இறங்காது. நாலு பெற்றவளுக்குத் தெரியாததா? அடுத்த இலைக்குப் பரிமாறப் போய்விட்டேன்.

எல்லாம் தெரியும் என்று நாம் நிமிர்ந்து நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தப்பிப் போகிறது.

கீழே இறங்க மாப்பிள்ளை ஒரு ஜீப் ஏற்பாடு செய்திருந்தார். ஓட்டுபவர் ஏழுமலை, தெரிந்த மனுஷன். கொண்டுவிட சம்பந்தியம்மாவும் கூட வந்தார். நடுவில் கோமதி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே பைக்கில் வருவதாகப் பேச்சு.

"திரும்பிப் பாக்காம ஏறு" என்றேன் கோமதியிடம். தாய் வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளைத்தாய்ச்சி பாதி வழியில் திரும்பக் கூடாது. அப்படித்தான் எங்கள் பக்கத்தில் சொல்வது.

மலை இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கோமதியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சாதாரணப் பிடி இல்லை. கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிக்கிற பிடி.

"யம்மா... தண்ணி ஒடஞ்சிடுச்சி."

சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது.

ஏழுமலை ஜீப்பை ஓரம் கட்டினார். "ஆயா, மேலயா கீழயா? சீக்கிரம் சொல்லுங்க. இந்த வளைவுல வண்டி நிக்கக் கூடாது, பஸ்ஸு வரும்."

மேலே போனால் வெள்ளிமலை ஆஸ்பத்திரி பக்கத்தில். கீழே என்றால் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் மலை முழுக்க இன்னும் இறங்க வேண்டும், அப்புறம் தரையில் வேறு ஓட வேண்டும்.

"கீழ போ" என்றேன் நான்.

"மேல திருப்பு" என்றார் சம்பந்தியம்மா.

"கெளம்பின பொண்ண திருப்பக் கூடாது அண்ணி. தலப்புள்ள. பெரிய ஆஸ்பத்திரிதான் செரி."

"நீங்க போய்ச் சேர வரைக்கும் புள்ள உள்ள குந்திக்கினு இருக்குமா? எங்க வூட்டு வாரிசு ரோட்டுல பொறக்கணுமா?"

"உங்க வூட்டு வாரிசா? எம்பொண்ணு வயித்துல கீது!"

"வயித்துல குடுத்தவன் யாரு, வழிப்போக்கனா?"

நானும் விடவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. ஏழுமலை ஸ்டியரிங் மேலே நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு ஆயாவும் பேசி முடிச்சிட்டு சொல்லுங்க. அதுக்குள்ள கொழந்தையே எறங்கி நடந்து போயிடும்."

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"ஏழுமலண்ணே! திருப்புங்கண்ணே! மேல போங்க!"

யார்? எங்கள் கோமதியா?

தேள் கொட்டியபோதுகூட 'ஸ்ஸ்' என்று மட்டும் சொன்ன பெண் அவள். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதே டீச்சருக்குக் கேட்காது. அவள் போட்ட சத்தம் எதிர்ப் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. ரோட்டோரம் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று எகிறி ஓடியது. ஏழுமலை என்னையும் கேட்கவில்லை, சம்பந்தியம்மாவையும் கேட்கவில்லை. அந்த வளைவிலேயே ஒரு வெட்டு வெட்டி ஜீப்பை மேலே திருப்பினார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிழவிகளை ஒரே நேரத்தில் வாயடைக்க வைக்க மாப்பிள்ளையால்கூட முடிந்ததில்லை.

நர்ஸம்மா ஓடி வந்தார். படுக்க வைத்துக்கொண்டே கேட்டார்: "வலி எப்போ ஆரம்பிச்சிது?"

"விடியகாலைலேர்ந்து சிஸ்டர்" என்றாள் கோமதி.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. விடியற்காலையா? நான் களமருதூரில் புளிச்சோறு கிளறிக்கொண்டு இருந்த நேரமா? அப்படியென்றால் இலையில் உட்கார்ந்தபோது, 'பசிக்கல' என்றபோது, திரும்பிப் பார்க்காமல் ஜீப் ஏறியபோது... எல்லாம் வலியோடா?

"ஏண்டி சொல்லல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அவள் ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்தாள். அப்புறம் சொன்னாள்.

"நீ அஞ்சு வக சோறு கட்டிக்கினு மலையேறி வந்துட்ட. அத்த ஊரையே கூப்ட்டு குந்த வச்சிட்டாங்க. நடுவுல நான் எப்பிடிம்மா சொல்றது? நீதான சொல்லிக்கினே இருப்ப, நாலு பெத்தேன், பக்கத்து வூட்டுக்குக்கூட சத்தம் கேக்கலன்னு. நம்ம வூட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்னு கடிச்சிக்கினு இருந்துட்டேன்."

கதவைச் சாத்திவிட்டார்கள்.

உண்மைதான். நாலு பெற்றபோதும் என் சத்தம் வெளியே வந்ததில்லை. அதை நான் சொல்லாத இடம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். 'அவ காலைல களை எடுத்தா, மத்தியானம் பெத்தா' என்று நடவு வயலில் வரிசையாகக் குனிந்துகொண்டு புகழ்ந்து பேசுவோம். கத்தியவளை நக்கல் அடிப்போம். 'ஊரையே எழுப்பிட்டாளே, ஒலகத்துல இல்லாத புள்ளையா?' என்போம்.

பேசியது நாங்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது யார்? எங்கள் பெண் பிள்ளைகள். நாங்கள் பெருமைக்குச் சொன்னோம். அதுகள் சட்டமாக எடுத்துக்கொண்டன.

இப்போது பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பயிற்சி வகுப்பெல்லாம் நடக்கிறதாமே. எப்படி உட்கார வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், செல்போனிலேயே சொல்லித் தருகிறார்களாம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'வலித்தால் வாயைத் திறந்து சொல்' என்று ஒரு வகுப்பு உண்டா? இருந்தால் பெண்ணை அனுப்பாதீர்கள். பெண்ணைப் பெற்றவளை அனுப்புங்கள். முதல் பெஞ்சில் எனக்கு ஒரு இடம் போட்டு வையுங்கள். இந்த வயசில் என்ன திருந்துவது என்கிறீர்களா? எழுத்துக் கூட்டிப் படிக்கவே நான் பேரன் எடுத்த பிறகுதானே கற்றுக்கொண்டேன்!

சரி, கதவுக்கு வருவோம்.

வெளியே ஒரு பெஞ்ச். நானும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கொரு முனையில். உள்ளே இருந்து கோமதி கத்தினாள். ஜீப்பில் கத்தியது ஒன்றுமே இல்லை. 'யம்மா' என்றாள், 'சாமி' என்றாள், மாப்பிள்ளை பேரைச் சொல்லித் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

எனக்கோ — நம்புவீர்களா? — அவள் கத்தக் கத்த நிம்மதியாக இருந்தது. கத்துகிறாள் என்றால் என் மகள் இருக்கிறாள். இன்னும் கத்துடி என் ராசாத்தி, கூரை பிய்ந்து போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திடீரென்று சத்தம் நின்றது.

அந்த மாதிரி ஒரு அமைதியை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. கோமதியின் சத்தமும் இல்லை, குழந்தையின் சத்தமும் இல்லை. உள்ளே யாரோ வேகமாக நடக்கிறார்கள். ஏதோ பாத்திரம் வைக்கிற ஓசை. நாற்பது வருஷமாக நான் மெச்சிய அமைதி இதுதானா? சம்பந்தியம்மா எப்போது நகர்ந்து வந்தார் என்று தெரியாது. அவர் கை என் கைக்குள் இருந்தது.

அப்புறம்... ஒரு இருமல். ஒரு முனகல். அதற்கப்புறம் வீறிட்டு ஒரு அழுகை.

நர்ஸம்மா கதவைத் திறந்தார். "பொண்ணு. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்க. கொடி கழுத்த சுத்திக்கினு இருந்துது, அதான் அழ கொஞ்சம் நேரமாச்சி. நல்லவேள, நேரா இங்க வந்தீங்க. கீழ போயிருந்தா வழியிலதான் பொறந்திருக்கும்."

நேராகவா வந்தோம்? இரண்டு பேரும் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம்.

"அண்ணி, ஜீப்புல நான் கேட்டத மனசுல வச்சிக்காதீங்க" என்றார் சம்பந்தியம்மா.

"எத? நான் அப்பவே மறந்துட்டேன்."

மறந்த லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை விடாமல் மேலே எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளை கதை தனி. அவர் கடையைச் சாத்திக் கிளம்புமுன்பே நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் போயிருந்தோம். அது தெரியாமல், எங்களைத் தேடிக்கொண்டு பைக்கில் மலை முழுக்க இறங்கிப் போயிருக்கிறார். போன் அடித்தால் பைக் ஓட்டுகிறவருக்கு எங்கே கேட்கும்? அடிவாரத்தில் டீ குடிக்க நின்றபோதுதான் எடுத்துப் பார்த்தாராம். திரும்ப மேலே வந்து சேர்ந்தபோது, பிறந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கோமதி கத்தினாளா? எங்க கோமதியா?" என்று ஏழுமலையிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"கத்துச்சாவா? இன்னும் என் காது கொய்யுனு கீது தம்பி" என்றார் ஏழுமலை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட பிறகும் நான் வெள்ளிமலையிலேயே தங்கினேன். பத்தியக் குழம்பு, பூண்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது — எல்லாம் சம்பந்தி வீட்டு அடுப்படியிலேயே நடந்தது. மருந்துக் குழம்பில் மிளகு ஜாஸ்தி என்றார் சம்பந்தியம்மா. இருக்கட்டும் என்றேன்.

மாற்றுப் புடவை எடுக்க முந்தா நாள் களமருதூர் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, எதிர் வீட்டுப் பச்சையம்மாள் நிற்கிறாள். என்னோடு நடவுக்கு வந்தவள். வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, அஞ்சு வக சோறு கட்டிக்கினு ஜம்முனு போன. கடைசில தலப்பிரசவத்த மாமியா வூட்டு மலையிலயே முடிச்சிட்டியாமே? பொண்ணு போட்ட சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சாம்?"

"ஆமாண்டி. மலையிலதான். கத்தித்தான் பெத்தா. ரெண்டு உசுரும் பத்திரமா கீது. இன்னும் இன்னா தெரியணும், கேளு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான்தான் விடவில்லை... தெருக்கோடி வரைக்கும், கேட்காதவர்களையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனேன்.