கார் கொட்டகைக்கு ஒரு பந்தக்கால்

எங்கள் மன்னார்குடிப் பக்கம் வீட்டு வாசலில் கோலம் இருக்கும். இங்கே மலேசியாவில், கோல சிலாங்கூரில் கார் இருக்கிறது. கேட்டைத் திறந்து நேராகக் கதவருகே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இருபத்து நான்கு வருடத்தில் நான் எக்கப் பழகிவிட்டேன். வயிறுதான் இப்போது ஒத்துழைப்பதில்லை.

செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக் வேலை, இரண்டே வருடம் என்று ஒரு பச்சைப் பெட்டியோடு வந்தவன் நான். இங்கே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சரோஜாவைக் கண்டேன், கட்டிக்கொண்டேன், மகள் கவிதா பிறந்தாள். ஆனாலும் ‘ஊருக்குப் போய்விடுவோம்’ என்பதை மட்டும் விடவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பேன். சாமி படங்கள் மேசைமேல் சாய்ந்தே நின்றன. சரோஜாவுக்கு இது பிறந்த மண். நான் எந்த நாளில் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்குவேனோ என்ற பயத்தோடுதான் அவள் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாள். அது தெரிந்தும் சும்மா இருந்தேன். என் குறைதான்.

அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. காருக்கு மேல் மரத்தில் ஒரு கொட்டகை. நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மழையில் நனையாமல் சாமான் இறக்கலாம், சாயங்காலம் நாலு பேர் உட்காரலாம். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. கால்களைப் புதைக்கக் கூடாது. சிமென்ட் தரையில் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினால் போதும், போகும்போது கழற்றி விற்றுவிடலாம். அதைக் கேட்டதும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. பதினாறு போல்ட்டையும் செகிஞ்சான் கடையில் நானே பார்த்துப் பார்த்து வாங்கி வந்தேன்.

தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த மலாய்த் தச்சர் பாக் ஹசான், முதல் காலைத் தகட்டில் நிறுத்தப் போனார். அங்கேதான் என் கை குறுக்கே போனது. எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட முதல் காலுக்குக் குழி தோண்டி, பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டித்தான் நடுவோம். இரும்புத் தகட்டில் பாலை எங்கே ஊற்றுவது? ஈசானி மூலையில் தரையை உடைத்துக் குழி போடச் சொன்னேன். நான் பால் ஊற்றுவதைப் பார்த்து, கறையான் வராமலிருக்கவா என்று மலாயில் கேட்டார் ஹசான். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் விளக்கும் அளவுக்கு என் மலாய் இன்னும் வளரவில்லை.

கால் நின்றது. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு வேலியருகே வந்து சரோஜாவைக் கூப்பிட்டார்.

“என்னா சரோ, கவிதாவுக்குக் கல்யாணமா? முகூர்த்தக்கால் நட்டாச்சு, எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே லா.”

அக்காவின் குரலில் நிஜமான வருத்தம். இங்கே கல்யாணத்துக்குத்தான் இப்படிக் கால் நடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழக்கதோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரோஜா முந்திக்கொண்டாள்.

“கல்யாணம் இல்லக்கா. இவரு இங்கேயே இருக்கப் போறாரு. அதான் கால் நட்டிருக்காரு.”

என்னைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்தே சொன்னாள். அவள் கை அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கழற்றி விற்பதற்கென்று எங்கள் ஊரில் யாரும் ஒரு காலுக்குப் பால் ஊற்றியதும் இல்லை.

ஹசான் இரண்டாவது காலைப் பிடித்தபடி, தகடா குழியா என்று கேட்டார். சரோஜா உள்ளே போகாமல் நின்றாள். குழி என்றேன். மற்ற மூன்றுக்கும் குழிதான் என்றேன். அவள் விறுவிறுவென்று போய் மிச்சப் பாலை எடுத்து வந்தாள்.

கொட்டகை போட்டு ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. பார்வதி அக்கா சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்து கவிதாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறார். சாமி படங்களுக்கும் ஆணி அடித்துவிட்டேன். பதினாறு போல்ட்டையும் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, அலமாரி மேலிருக்கும் பச்சைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். தூசி தட்டும்போது பெட்டி கனப்பதை சரோஜா கவனித்திருப்பாள். துடைத்துவிட்டு அங்கேயே திருப்பி வைத்துவிடுகிறாள்.