அப்பாவின் செங்கல்பட்டு கேம்ப்

ரோஸ் நிறத் தாள். கையகலம்தான் இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் மலிவு மை. மேலே கொட்டை எழுத்தில் ‘கோடை விடுமுறையை வீணாக்காதீர்!’ என்று இருந்தது. கீழே டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, ஸ்போக்கன் இங்கிலீஷ். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், எலெக்ட்ரிக் ட்ரெயின் கொட்டிவிட்டுப் போன கூட்டத்தின் நடுவே, அந்தத் தாளை என் முகத்துக்கு நேராக நீட்டிய கையை எனக்குத் தெரியும். கட்டைவிரல் நகத்தில், என்றோ கதவிடுக்கில் நசுங்கிய கறுப்பு. மணிக்கட்டில் இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. என் அப்பாவின் கை. அது யாரையும் பார்க்காமல், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நீண்டுகொண்டிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார்.

அன்று காலை அப்பா செங்கல்பட்டு கேம்ப் போயிருந்தார். அம்மா அப்படித்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் கேம்ப் என்றால் ஆபீஸ் வேலையாக வெளியூர் போவது. பம்ப்செட் விற்கும் கம்பெனி ஒன்றில் அப்பாவுக்கு வேலை. காஞ்சிபுரம் கேம்ப், மதுராந்தகம் கேம்ப், திண்டிவனம் கேம்ப் என்று தோல்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். எங்கள் தெருவில் மற்றவர்களின் அப்பாக்கள் வேலைக்குப் போனார்கள், என் அப்பா கேம்ப் போனார். அந்தச் சொல்லின் மிடுக்கை நான் வகுப்பறைவரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கம்பெனியை இழுத்து மூடி மாதக்கணக்காகிவிட்டது என்பதும், தோல்பைக்குள் அந்தத் தாள்கட்டுதான் இருந்தது என்பதும், பாலத்தின் நடுவில் நின்ற அந்தக் கணம்வரை எனக்குத் தெரியாது.

நான் அங்கே எப்படிப் போனேன் என்றால், லீவு. அவ்வளவுதான் காரணம். அந்தக் காலத்து லீவுக்கு யாரும் திட்டம் போடவில்லை. காலையில் இரண்டு தோசையைத் தின்றுவிட்டு வெளியே இறங்கினால், பசி திருப்பி அனுப்புகிறவரை நாங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீடு. ரயில் லைனைத் தாண்டினால் மேற்கு, கடைகள், பஸ் ஸ்டாண்ட், ஊரின் மொத்த இரைச்சல். பாலத்துப் படிகளில் ஜனங்கள் வீசிவிட்டுப் போகும் அட்டை டிக்கெட்டுகளைப் பொறுக்குவதுதான் எங்கள் தொழில். நல்ல கெட்டி அட்டை. எங்களுக்குள் எழும்பூர் டிக்கெட் ஒன்று கொடுத்தால் பல்லாவரம் இரண்டு கிடைக்கும். பாவாடை மடியில் டிக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கால்களுக்கிடையே நடந்து போனவள்தான், திடீரென்று அந்தத் தாளின் முன்னால் நிமிர்ந்தேன்.

அப்பாவின் முகம் ஒரு நொடி திறந்து, மூடிக்கொண்டது. அதற்குள் பின்னால், கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த பருத்த ஆள், அந்த நோட்டீஸ் அடித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முதலாளி, சத்தமாகச் சிரித்தார். “இன்னா சார், அட்டை பொறுக்குற பசங்களுக்கெல்லாம் நோட்டீசு குடுத்துகினு கீறீங்க? இதுவா வந்து டைப் அடிக்கப் போவுது? பெருசுங்களாப் பாத்துக் குடு சார்.” அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு என்னிடம், யாரோ ஒரு வீட்டுக் குழந்தையிடம் பேசுகிற இதமான குரலில், “வீட்டுல அம்மாகிட்ட குடும்மா” என்றார். நானும் யாரோ ஒரு குழந்தையைப்போல “சரிங்க சார்” என்றேன். எப்படி அந்த ‘சார்’ வந்தது? யார் கற்றுக்கொடுத்தார்கள்? இறங்கும்போது மடி அவிழ்ந்து டிக்கெட்டுகள் படியெல்லாம் சிதறின. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

இரவு அப்பா வழக்கம்போலத் தோல்பையோடு வந்தார். “செங்கல்பட்டுல என்னா வெயில்!” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா தட்டை வைத்தாள். ரசத்துக்குச் சோறு பிசையும்போது, யாரையும் பார்க்காமல், “பாப்பாவ நாளையிலேர்ந்து இந்தி கிளாஸ்ல சேத்துடு. லீவு வீணாப் போகுது” என்றார். நோட்டீசில் இருந்த அதே சொல். அம்மா வியப்பாக, “இந்தி படிச்சு இவ யார்கூடப் பேசப் போறா? எருமைப் பால்காரன்கூடயா?” என்றாள். அப்பா சிரிக்கவில்லை. “காலையில எட்டுலேர்ந்து பதினொண்ணு. நம்ம பக்கந்தான். லைனத் தாண்ட வேணாம்.” எட்டிலிருந்து பதினொன்று வரைதான் பாலத்தில் கூட்டம் நெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை. அடம்பிடித்து அழுதிருந்தால், நான் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் பேசாமல் தலையாட்டினேன். அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

அந்த லீவுக்குப் பிறகு எனக்கு லீவே இல்லை. இந்தி, அடுத்த வருஷம் கையெழுத்து, அதற்கடுத்து தையல். பொறுப்பான அப்பா என்று தெருவே மெச்சியது. நல்ல வேலை கிடைத்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது எதற்காகத் தொடங்கியது என்று தெரிந்துவிடுமே. சாகும்வரை நாங்கள் இருவரும் அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சும்மா இருக்கிற குழந்தைக்குக் கண் இருக்கிறது, அது எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும் என்பதை மட்டும் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன். இப்போது முடிச்சூரில், ஒரு காலத்தில் வயலாக இருந்த மண்ணில் எழும்பிய ஃப்ளாட்டில், அந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் பிறந்ததும் எங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்க பொண்ணுக்கு என்ன ப்ளான்? ரோபாட்டிக்ஸ், நீச்சல், கீபோர்டு, ஸ்கேட்டிங் என்று நான் அனுப்புகிற பதிலுக்குக் கைதட்டல் பொம்மைகள் விழும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மே மாதத்தில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்திருக்கிறேன். அப்பாவின் கேம்பைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த அதே வாயாலேயே சம்மர் கேம்ப் என்று சொல்கிறேன். திறமை வளரும் என்று நான் சொல்வதை எல்லோரும் நம்புகிறார்கள். அவள் அப்பா பொங்கலுக்குப் பிறகு எங்களோடு இல்லை. கேளம்பாக்கத்தில் தனியாக வீடு எடுத்துவிட்டார். “அப்பாவுக்குப் பெரிய ப்ராஜெக்ட், ஆபீஸ் பக்கத்துலயே தங்கிட்டார்” என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நீச்சல் போட்டது ஏன் என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் கையோடு ஒரு ஞாயிறு கிடைத்தால் பீரோவைத் திறப்பாள். அதில் அவர் பக்கம் காலி. என் வெட்கத்துக்கு ஒரு டைம்டேபிள் போட்டு, அதை என் மகளின் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

போன வாரம் நானும் என் பெண்ணும் கிளாஸுக்குக் கிளம்பி ஏறிய லிஃப்டில் மேல்மாடி அம்மாள் இருந்தார். நல்ல மனசு, கொஞ்சம் நீளமான வாய். “எங்கடி உங்கப்பா, ஆளையே காணோம்? அம்மா அடிச்சுத் தொரத்திட்டாளா?” என்று அவளிடம் கேட்டுவிட்டு என் தோளில் செல்லமாகத் தட்டினார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் என் பெண், ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ப்ராஜெக்ட் ஆன்ட்டி. செம பிஸி. ராத்திரி வந்துட்டு விடியறதுக்குள்ள போயிடுவார்” என்றாள். ராத்திரி வந்துவிட்டுப் போவதாக நான் அவளிடம் சொன்னதே இல்லை. என் பொய்யில் இருந்த ஓட்டையை அவளே பார்த்து, அவளே அடைத்திருக்கிறாள். எத்தனை நாளாக வைத்திருந்தாளோ அந்த வாக்கியத்தை.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவளின் முழங்கால்கள் என் இடுப்பில் இடித்தன. முடிச்சூர் ரோட்டில் தண்ணி லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. ஹெல்மெட்டைத் திருப்பி, “பாப்பா, அப்பா வந்து...” என்றேன்.

“அம்மா, லாரி நகருது பாரு. கிளாஸுக்கு லேட்டாச்சு.”

ரோபாட்டிக்ஸ் சென்டரின் வாசலில் இறங்கினாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

“எத்தனை மணிக்கும்மா வருவ?”

“ஒரு மணிக்கு வந்துடறேன்டா.”

“லேட்டா வந்தாலும் பரவால்லம்மா,” என்றாள். “நான் உள்ளயே இருக்கேன்.”