வலது பக்கம் கேட்ட துடிப்பு

பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன். காயம் கட்டி, மருந்து கொடுத்து, செத்தவர்களுக்குத் துணி போர்த்திப் பிணவறைக்கு அனுப்பிப் பழகியவனுக்குப் பேய் பயம் இருந்தால் பிழைப்பு நடக்குமா, நீங்களே சொல்லுங்கள். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது. பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. டிரெசர் பரீட்சையில் முதல் தடவையே தேறிய கொழுப்பு வேறு. அந்தப் படிப்பின் மேல் எனக்கு உண்மையிலேயே ஆசை. கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் சேர்ந்து சதையாகின்றன, சதை சேர்ந்து உறுப்பாகிறது, உறுப்புகள் கூட்டாக நின்று வேலை செய்கின்றன, எல்லாம் சேர்ந்தால் மனிதன். என்ன ஒழுங்கு பாருங்கள்! துரையானாலும் மூட்டை தூக்குகிறவனானாலும் ஈரல் வலது பக்கம், இரைப்பை இடது பக்கம், இதயம் இடப்பக்கம் சாய்ந்து, குடல்வால் வலது அடிவயிற்றில். வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவேன். ஊரில் எது மாறினாலும் இது மாறாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மாணிக்கம் வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவன், முப்பது வயதிருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனைக் கட்டிலில் படுக்கவைத்து முதலில் பார்த்தது நான்தான்.

“எங்க வலிக்குது?”

“இங்கதான் ஐயா.” இடது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

வலது பக்கத்தைக் காட்டியிருந்தால் டாக்டரைத் தேடி ஓடியிருப்பேன், குடல்வால் வீங்கியிருக்கிறது, அறுக்கவேண்டும் என்று. இடது பக்கம்தானே, மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெயை ஊற்றினேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டே அவன் சொன்னான்:

“ஐயா, என் உடம்பு கொஞ்சம் மாறிக் கெடக்கும். நெஞ்சு எனக்கு இந்தப் பக்கந்தான் அடிக்கும். மூட்டைய வலது தோள்ல ஏத்துனா நல்லாவே தெரியும். கைக்குழந்தையில பால் குடுக்கறப்பவே எங்கம்மா கண்டுபுடிச்சிருச்சாம்.”

“நீ மூட்டையத் தூக்கு மாணிக்கம். நெஞ்சு எங்க இருக்குன்னு நாங்க படிச்சிருக்கோம்லா.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். மாணிக்கமும் மரியாதைக்குச் சிரித்துவைத்தான். அவன் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் காய்ச்சல் கண்டது, வயிறு பலகை மாதிரி ஆனது. வெள்ளைக்கார டாக்டர் சுற்றி வந்தபோது நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாணிக்கம் அசையாமல் கிடந்தான். மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை. இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகத்தான் கேட்டேன். சத்தமே இல்லை. உயிர் போய்விட்டது என்று எழுதினேன். டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவன் பெண்சாதி அஞ்சலை தண்ணீர்மலைப் பக்கம் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவள், ஆள் விட்டு அழைத்துவந்தார்கள். அழக்கூடச் செய்யாமல் என் காலைப் பிடித்துக்கொண்டாள். “அறுக்காதீங்க ஐயா, முழுசாக் குடுத்துடுங்க.” நான் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தவன் எதனால் செத்தான் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாலை நான்கு மணி. வெளியே நல்ல மழை. டாக்டர் வருவதற்கு முன்னால் உடம்பைத் துடைத்துத் தயார்செய்ய நான் மட்டும் பிணவறைக்குள் போனேன். மார்பைத் துடைக்கும்போது அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. வீம்புதான், வேறொன்றுமில்லை. உன் பேச்சு தப்பு என்று செத்தவனிடம் நிரூபிக்கிற மாதிரி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வலது மார்பில் வைத்தேன்.

கேட்டது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், கேட்டது! லப்... டப் என்று, ரொம்ப மெதுவாக, தூரத்தில் யாரோ நெல் குத்துகிற மாதிரி. இடது பக்கம் மாற்றினேன், ஒன்றுமில்லை. திரும்ப வலது பக்கம் வைத்தேன், இருந்தது. என் சொந்தத் துடிப்பாக இருக்குமோ என்று மற்றக் கையால் என் கழுத்து நாடியைப் பிடித்துப் பார்த்தேன். என்னுடையது குதிரை மாதிரி ஓடுகிறது, அதுவோ நிதானமாக ஒன்று... ஒன்று என்று அடிக்கிறது.

வராந்தாவில் வந்துகொண்டிருந்த டாக்டரிடம் ஓடி, “துடிக்கிறது சார்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார், தன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். உன் காதுக்குள் ஓடுகிற ரத்தத்தைத்தான் நீ கேட்டிருக்கிறாய், போய்க் காப்பி குடி என்றார். அவர் எந்தப் பக்கம் வைத்துக் கேட்டார் என்று கேளுங்கள். இடது பக்கம். அவரும் படித்தவர்தானே.

மற்றப் பக்கம் வைத்துப் பாருங்கள் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவனே சொன்னான் என்பேன். எப்போது சொன்னான், நீ என்ன செய்தாய் என்பார். வீங்கிய குடல்வாலை வெடிக்கவைக்கிற விளக்கெண்ணெயை நான் கொடுத்தது வெளியே வரும், வேலை போகும். அதெல்லாம் ஒரு கணத்தில் மனதுக்குள் ஓடி முடிந்துவிட்டது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் கத்தியை எடுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் சந்தோஷத்தில் கத்தினார். ஈரல் இடது பக்கம், இரைப்பை வலது பக்கம், இதயம் வலப்பக்கம் சாய்ந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாமே மாறி இருந்தது. இடது அடிவயிற்றில் குடல்வால் வெடித்துச் சீழாகக் கிடந்தது. புத்தகத்தில் மட்டுமே படித்திருக்கிறேன் என்று சொல்லி மற்ற டாக்டர்களைக் கூப்பிட ஆளனுப்பினார். என் தோளில்கூடத் தட்டினார்.

நான் வெளியே வந்தேன். அங்சானா மரத்தடியில் நனைந்துகொண்டே அஞ்சலை நின்றிருந்தாள்.

“ஐயா, அவருக்கு நெஞ்சு வலப்பக்கம். அந்தப் பக்கம் வச்சுக் கேட்டீங்களா?”

“கேட்டேம்மா.”

“என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கல.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். என்னை நம்பிவிட்டாள், பாவி நான். அந்த நம்பிக்கையோடு அவனை எடுத்துக்கொண்டு போனாள்.

அது மாணிக்கத்தின் ஆவி என்றுதான் நான் சொல்லுவேன். சொன்னதைக் காதில் வாங்காமல் சிரித்தாயே, இப்போதாவது கேள் என்று வந்து காட்டினான். அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. வேறு மாதிரி நினைக்க என்னால் முடியாது, நீங்களும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள். பத்து மணிக்குச் செத்தவன் நான்கு மணிக்குக் கட்டையாக விறைத்திருப்பானே, விறைத்திருந்தானா என்று. ஆமாம் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் நான் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கப் போனபோது அவன் வலது கை மார்பின் குறுக்கே கிடந்தது. நான்தான் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். தூங்குகிறவன் கை மாதிரி அது வளைந்து கொடுத்தது.