மூன்று மா, மூன்று வேலி

"இந்த அரிசி எங்கே விளைகிறது?" என்று அந்தக் கேப்டன் கேட்டபோது அவர் தட்டில் சோறு குவிந்து கிடந்தது. டெல்லியில் பல நாடுகள் கூடிய விளையாட்டுப் போட்டி அது. ஒவ்வொரு நாட்டு அணிக்கும் உதவிக்கு ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, வரைபடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டிய ஒரு தீவு நாடு வாய்த்தது. மானேஜரையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். பெரிய நாடுகள் கிடைத்த சக குமாஸ்தாக்கள், "உன் நாடு மொத்தமும் ரெண்டு ஆட்டோவுல அடங்கிடுமேய்யா" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வயிறு எரிய.

கேப்டன் நெடுந்தூர ஓட்டக்காரர். அவர்கள் தீவு முழுக்க மணலாம், நெல் விளையாதாம், அரிசி கப்பலில்தான் வருமாம். நெற்பயிரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றார். இதைக் கேட்டுவிட்டுத் தஞ்சாவூர்க்காரன் சும்மா இருப்பானா? "எங்கள் ஊரில் விளைகிறது" என்றேன். "உங்களுக்கு நிலம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ஆனால் என் வாயில் வந்தது மூன்று வேலி, அதாவது இருபது ஏக்கர். எனக்கென்ன கேடு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மனிதர் என்னிடம் சொத்துக் கணக்கா கேட்டார்?

உண்மையைச் சொல்லியிருந்தால் அதுவே பெருமை. பூதலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் நிலம் பெரும்பாலும் ஒரே பண்ணைக்குச் சொந்தம். அப்பா அங்கே பண்ணையாள். பண்ணை வீட்டுக் குழந்தையைக்கூட அவர் 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட வேண்டும். தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். ஆட்சி மாறியது, நில உச்சவரம்பு என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பண்ணையோ அதற்குள் நாய் பேரிலும் பூனை பேரிலும் எழுதி வைத்துவிட்டது. அப்பாவும் இன்னும் சிலரும் உபரி நிலத்தில் கொடி நட்டார்கள். அடி வாங்கினார்கள், திருச்சி ஜெயிலில் கிடந்தார்கள். கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் என்று வருஷக்கணக்கில் நடந்து வாங்கியதுதான் அந்த மூன்று மா. பட்டா கைக்கு வந்த அன்று அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பண்ணை வீட்டு வாசல் வழியாகவே நடந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் யாரையும் ஐயா என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் வாங்கிய நிலம்தான் எனக்குப் போதாமல் போயிற்று.

கேப்டன் ஓடிய நாளன்று நானும் மைதானத்தில் இருந்தேன். மற்றவர்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், இவர் இன்னும் ஒரு சுற்று பாக்கி வைத்துக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் சட்டையில் அந்த நாட்டின் பெயர் எழுதிய பேட்ஜ் இருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஓடி முடித்தவர் நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர்கள் நாட்டில் இதுவரை யாரும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லையாம். பேட்ஜ் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கடைசியாக வந்துவிட்டு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர்கள் தீவுப் பக்கம் போகும் விமானத்தைத் திருச்சியில்தான் பிடிக்க வேண்டும். ரயிலில் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். விமானத்துக்கு ஒரு நாள் மிச்சமிருந்தது. "உங்கள் வயலைக் காட்டுங்கள், உங்கள் அப்பாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று கேப்டன் பிடித்த பிடியை விடவில்லை. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று அதற்கும் ஒரு பொய்யைச் சொன்னேன். மற்ற ஆறு பேரையும் திருச்சியில் விட்டுவிட்டுக் கேப்டனை மட்டும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாலையோரம் இருந்த பண்ணை நிலத்தைத் தூரத்திலிருந்தே காட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

சம்பா கதிர் வாங்கும் நேரம். பச்சையைப் பார்த்ததும் கேப்டன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார். கதிரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்திலேயே இருந்த எங்கள் மூன்று மாவில் மடை திறந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். மண்வெட்டியோடு விறுவிறுவென்று வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாய்யா தம்பி. ஒரு லெட்டர் போடக் கூடாதா? இவுங்க யாரு?"

தாழ்ந்த குரலில் கடகடவென்று சொன்னேன். "வெளிநாட்டுக்காரருப்பா. இந்த மூணு வேலியும் நம்மளுதுன்னு சொல்லிட்டேன். எங்கப்பா வெளியூரு போயிருக்காருன்னு..."

அப்பா என்னையே பார்த்தார். "அப்ப நான் யாரு?" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கேப்டனும் ஆங்கிலத்தில் அதையே கேட்டார், இவர் யார் என்று. "எங்கள் ஆள், வயலில் வேலை செய்கிறார்" என்றேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார்.

"வெயில்ல நிக்க வக்கிறீங்களே சின்னய்யா. அவுங்கள மரத்தடிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, இளநி வெட்டியாரேன்" என்றார்.

கேப்டன் அந்த இளநீரை இரண்டு கையாலும் வாங்கினார். எத்தனை வருஷமாக இங்கே வேலை செய்கிறார் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன், என் அப்பாவிடம் அதைக் கேட்டேன். "சின்னய்யா பொறக்கறதுக்கு முந்திலேருந்துன்னு சொல்லுங்க" என்றார் அவர். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குக் கொடுத்த இளநீரை என்னால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் 'வாங்க, சாப்பிடுங்க' என்றுதான் பேசினார். கோபமில்லை, முகம் திருப்பலில்லை. லீவில் போனால் வழக்கம்போல ஸ்டேஷனுக்கு வருவார், பெட்டியைத் தூக்க வருவார். "படிச்ச மவனுக்கு என்னா மரியாதை பாரு" என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள். 'வாய்யா' என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று நான் தவித்தது எனக்குத்தான் தெரியும். காலில் விழலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். நினைத்ததோடு சரி. இப்போது அப்பா இல்லை. டிவியில் ஏதாவது போட்டியின் அணிவகுப்பில் அந்தத் தீவின் கொடி வரும் நேரம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அப்பாவை நினைத்து மட்டுமல்ல, கேப்டனின் கடிதத்தை நினைத்தும்தான்.

கேப்டன் ஊர் திரும்பிய சில மாதத்தில் அந்தக் கடிதம் என் டெல்லி விலாசத்துக்கு வந்தது. உள்ளே ஒரு போட்டோ. படகின் பக்கத்தில், சட்டையில்லாமல், ஒரு கிழவர் நின்றார். 'இவர் என் அப்பா. இன்னொருவர் படகில் கூலிக்கு மீன் பிடிக்கிறார். உங்கள் வயலில் பார்த்த பெரியவரைப் பற்றி இவரிடம் நிறையச் சொன்னேன். அவர் நலமா என்று கேட்டு எழுதச் சொல்கிறார்' என்று கேப்டன் எழுதியிருந்தார். அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுரு அவுரு அப்பாவா?"

"ஆமாப்பா."

மறுபடியும் பார்த்தார். "நான் உண்மைய எழுதிடறேம்ப்பா" என்றேன்.

"வேணாம்" என்றார் அப்பா. "அந்த மனுசன் உங்கள நம்பிட்டுப் போயிருக்காரு. 'எங்க ஆளு சௌக்கியமா இருக்கான்'னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.