வாத்தியாரின் மூன்றாவது குழல்

துப்பாக்கி சுடும் மைதானத்தில் வாய்ப்பேச்சுக்கு அவ்வளவாக வேலை கிடையாது. எல்லோர் காதிலும் தடித்த கவசம். கையைத் தூக்கினால் நிறுத்து, கட்டைவிரலைக் காட்டினால் சுடு. இருபத்தாறு வருடமாக அங்கே சைகையிலேயே பேசித் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துவந்தவளை மன்றத்து உறுப்பினர்கள் எல்லோரும் 'சைகை அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படிக் கூப்பிட்டபோது ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. பிறகு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அவள் ஒரு தொழிற்சாலையின் கடைசல் பட்டறையில் வேலை கற்றவள். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள். வந்தாள். மூன்று மாதம் முடிந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு வந்து வந்து தட்டிப்போனது. அப்பா போனதும் அந்தப் பேச்சை எடுக்கவும் ஆள் இல்லை. தங்கை வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போன் செய்வாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, அப்புறம் பேசறேன். மூன்று நிமிடத்தைத் தாண்டாது.

பட்டறையில் ஒரு நீளமான மேஜை, இரண்டு பிடிகருவிகள், சுவரில் வரிசையாகத் துப்புரவுக் கம்பிகள், குழலுக்குள் நுழைத்துப் பார்க்கிற மெல்லிய கேமரா, அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. மதியச் சாப்பாடும் அதே மேஜையில்தான். ஒரு மூலையை மட்டும் துடைத்துவிட்டு டப்பாவைத் திறப்பாள்.

அங்கே வந்து உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், அறுபத்தெட்டு வயது. ஞாயிறுதோறும் வருவார். நாற்பது தோட்டா, ஒன்று கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். சுட்டு முடித்ததும் பட்டறைக்கு வந்து, இலக்குத் தாளை விரித்து, ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்து அவளிடம் காட்டுவார். அவருடைய துப்பாக்கிக்கு இரண்டு முறை குழல் மாற்றிக் கொடுத்தவள் அவள். முதல் இரண்டு குழலும் மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தன.

மூன்றாவது குழல் பதினோரு மாதத்தில் சொதப்பியது. ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதற ஆரம்பித்தன. மாநிலப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. வாத்தியார் பட்டறைக்கு வரவில்லை. நேராக மன்றத்தின் செயலாளரிடம் போனார்.

மறுநாள் செயலாளர் வந்து நிலைப்படியிலேயே நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பிரஷ்ஷ போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே நீங்க பேரலைக் கெடுத்துட்டீங்கன்னு வாத்தியார் எழுதிக் குடுத்திருக்காரு."

"யாரு, வாத்தியார் சாரா?"

"அவர்தான். புகார்ப் புத்தகத்துல."

அவளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. அன்று மதியம் டப்பாவைத் திறந்து அப்படியே மூடி வைத்தாள்.

சாயங்காலம், புகாரோடு அவர் விட்டுப்போயிருந்த துப்பாக்கியைப் பிடிகருவியில் மாட்டிக் கேமராவை உள்ளே விட்டாள். தோட்டா உட்காரும் இடத்துக்கு அடுத்து, குண்டைச் சுழல வைக்கும் வரிகள் ஆரம்பிக்கும் முதல் இரண்டு அங்குலம்தான் எந்தக் குழலுக்கும் முதலில் தேயும் இடம். வெடிமருந்தின் நெருப்பு முழு வேகத்தில் முட்டுவது அங்கேதான். திரையை அருகே இழுத்துப் பார்த்தாள். கோடையில் வற்றிய குளத்தின் தரை மாதிரி வெடிப்பு. வரிகளின் விளிம்பு கரைந்து மழுங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் புள்ளி புள்ளியாகத் துரு. பிரஷ் செய்கிற வேலை இது இல்லை. ஞாயிற்றுக்கு நாற்பது சுடுகிறவர் செய்கிற வேலையும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது அவளே எழுந்து போய்க் கூப்பிட்டாள்.

"சார், உங்க தோட்டா ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, பளபளக்கும் செம்பு நிறத் தோட்டா. அவள் இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குண்டின் முனையில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"செம்பு ஒட்டாது சார். இது உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு. ஒவ்வொண்ணும் வரியை அராவிக்கிட்டே போகும். பழைய ராணுவச் சரக்கு வேற. தோட்டாவுக்கு அடியில வெடிக்கிற மூடியில உப்பு மாதிரி ஒண்ணு இருக்கும். அது உள்ளயே தங்கி ஈரத்தை இழுக்கும். தண்ணி விட்டுக் கழுவணும். நீங்க எண்ணெய் மட்டும் விட்டிருக்கீங்க."

வாத்தியார் தோட்டாவை வாங்கி, காந்தத்தைத் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"ஒரு சிநேகிதன் பெட்டி பெட்டியா குடுத்தான்."

"நம்ம மன்றத்து நோட்டுல ஆயிரத்து எண்ணூறு தோட்டாதான் எழுதியிருக்கு. பேரலைப் பார்த்தா எட்டாயிரம் போயிருக்கும்னு தோணுது. மிச்சத்தை எங்க சுட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"அவனுக்கு ஒரு கல்குவாரி இருக்கு. அனுமதி வாங்கி அங்க ஒரு சின்ன மைதானம் வச்சிருக்கான். தினமும் போறேன்."

"தினமுமா?"

"அவ போனதுக்கப்புறம் வீட்டுல இருக்க முடியலம்மா. ஒரு பெட்டி, இருபது தோட்டா. சில நாள் ரெண்டு பெட்டி. குறி பார்க்கறதுகூட இல்ல. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு, நிறுத்தாம. அந்தச் சத்தத்துல வேற எதுவும் கேக்காது பாரு."

குழல் ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல், கை வைத்தால் சுடுகிற சூட்டில், வாரத்துக்கு நூற்றைம்பது தோட்டா. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள், சரியாக வந்தது. அவர் மனைவி இறந்தது அவளுக்குத் தெரியும். பத்து மாதம் முன்பு ஒரு ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறு வந்து நாற்பது சுட்டார், தாளைக் காட்டினார். அவளும் தாளைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அது அவளைக் குத்தியது.

"புது பேரல் போட்டுடலாம் சார். போட்டிக்குள்ள ஆயிடும்."

"வேணாம்மா. போட்டிக்கு மனசு இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அலமாரியிலிருந்து மன்றத்தின் சிறு துப்பாக்கி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். ஈயக் குண்டு, துளி மருந்து, ஐம்பது மீட்டர் தூரம்.

"ஈயம் மெத்துன்னு போகும். சூடும் கிடையாது. தினமும் வந்து எவ்வளவு வேணா சுடுங்க. நம்ம ரெண்டு பேர் காலத்துக்கும் இது தேயாது. குவாரிக்குப் போகாதீங்க. இங்க வாங்க."

போகும்போது அவர் செயலாளர் அறையில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தன் பழைய வரிகளுக்குக் கீழே, கரும்பலகை எழுத்தில் எழுதினார்: தவறு என்னுடையது. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

மறுநாளிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது சுடுவார். பிறகு பட்டறையில் தேநீர். அவர் மனைவிக்குக் கணக்கென்றால் வேப்பங்காய் என்பதும், ஆனால் சில்லறையில் அவரை எப்போதும் ஏமாற்றிவிடுவாள் என்பதும் அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளும் தொழிற்சாலையைப் பற்றி, அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதரைக்கே மேஜையின் இரண்டு மூலைகளைத் துடைத்து வைக்க ஆரம்பித்தாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே சில வாரம் கழித்துத்தான் உறைத்தது.

நான்கு மாதம் அப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை அவர் மகனோடு வந்தார். மகன் கதவருகே போனில் பேசிக்கொண்டு நின்றான்.

"என்னை அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போறான்மா. தனியா இருக்க வேணாமாம்."

"நல்லதுதானே சார்."

"நல்லதுதான்."

அவர் பெரிய துப்பாக்கியை முறைப்படி மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். தேய்ந்த குழலைக் கழற்றிப் போடச் சொன்னார். ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார். எந்தத் தெரு, எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கார் போன பிறகு அவள் அந்தக் குழலைக் கழற்றி, நெடுக்காக இரண்டாக அறுத்து, உள்ளே இருந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பழைய இரும்புப் பெட்டியில் போட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாகச் சேர்ந்த வங்கி அதிகாரி ஒருவர் பட்டறைக்கு வந்தார். எந்தத் தோட்டா வாங்கினால் பேரல் நெடுநாள் வரும் என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். செம்பு உறை, இரும்பு உறை, மருந்தின் சூடு, பத்து சுட்டால் கொஞ்சம் ஆற விடுவது, உப்பு, தண்ணீர். கேமராவை எடுத்துக் காட்டினாள். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் அவளுக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது.

"ரொம்பப் பேசிட்டேன். செம்பு உறை வாங்குங்க, போதும்," என்றாள்.

"இல்லக்கா, பரவாயில்ல," என்றபடி அவர் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மழை விட்டிருந்தது. மைதானத்தில் யாரோ கையைத் தூக்கினார்கள்.