கன்னியம்மாவின் வாக்குமூலம்

போன வாரம் பாடியில் பஸ் ஏறினேன். நல்ல மழை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்ப் படுதாதான். அதை இறக்கிவிட்டதும் உள்ளே ஈரத் துணி வாடை நிரம்பிவிட்டது. பக்கத்து ஸீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். மடியில் நோட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புகிற பாடம். ‘பிட்வீன் யூ அண்ட்’ என்று ஒரு வரி, அப்புறம் கோடு. ‘ஐ’ என்றாள் ஒருத்தி, ‘மீ’ என்றாள் மற்றவள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத் தலையை நீட்டி, “மீதாம்மா” என்றேன். இந்த வயதிலும் அந்த அல்பத்தனம் போகவில்லை பாருங்கள். அவர்கள் அம்பத்தூரில் இறங்கிப் போனார்கள். வாடை மட்டும் என்னோடு ஆவடிவரை வந்தது. வழியில் எங்கேயோ அது நனைந்த கம்பளியின் வாடையாக மாறிவிட்டது.

இங்கிலீஷ் புரோநவுனில் நான் புலி. பெருமைப்பட வேறு விஷயம் இல்லாததால் இதைச் சொல்கிறேன். பூந்தமல்லியில் படித்தபோது ‘ஐ, மை, மீ’ என்று சைக்கிள் மிதித்துக்கொண்டே ஒப்பிப்பேன். மற்ற பையன்கள் அம்மாவை ‘ஹீ’ ஆக்கி அடி வாங்குவார்கள். நான் ஒரு நாளும் வாங்கியதில்லை. கணக்கு வகுப்பில் வாங்கியதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஆவடிப் பக்கம் வயல்களுக்கு நடுவே பட்டாளத்துக் கிடங்குகள் எழும்பின. ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வெள்ளைக்கார கேப்டன் ஒருவர் பத்து வாக்கியம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். பத்தையும் சரியாகத் திருத்தியது நான் ஒருவன்தான். இருபது வயதில் உத்தியோகம். கம்பளிக் கொட்டகையின் சாவி என் இடுப்பில். கேப்டனுக்கும் தமிழ் ஆட்களுக்கும் நடுவே பேசுகிற வாயும் நான்தான்.

அந்தக் கொட்டகையில் கிழிந்த கம்பளிகளைத் தைக்க நாலைந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் மூத்தவர் கன்னியம்மா. மண்ணூர்பேட்டையில் பயிர்வைத்துப் பிழைத்த குடும்பம். கணவர் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில், கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வாராவாரம் அரிசி அளந்தார்கள். கூலியைவிட அது பெரிது.

அப்போதெல்லாம் ‘அவள்’ என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று கை தானாக எழுதுகிறது. எழுதிவிட்டுப் போகட்டும். அவர் என்னை ‘நைனா’ என்பார், ‘நீ’ என்பார். நான் சாப்பாட்டு நேரத்தில் என் இலக்கண ஞானத்தை அவிழ்த்துவிட்டால் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார். “ஒரே ஆளுதானே நைனா? ஒருக்கா ஐயின்றே, ஒருக்கா மீயின்றே. ஒத்த ஆளுக்கு இத்தினி பேரா?” மற்ற பெண்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். மற்ற தையல் பெண்கள் போய்விட்டார்கள். கன்னியம்மாவும் நானும் மட்டும் கம்பளிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ரயில் பாதையில் டாங்கிகள் வந்து இறங்குவதாக வெளியே சத்தம். நான் டாங்கி பார்த்ததே இல்லை. “வா, பாத்துட்டு வந்துடலாம்” என்று கூப்பிட்டேன். கதவைச் சாத்தவேண்டாமா என்று அவர் கேட்டார். அஞ்சு நிமிஷம்தானே என்று நான்தான் சொன்னேன். யானைகளை இறக்குவதுபோல அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அஞ்சு நிமிஷம் அரை மணியாயிற்று. மழை திடீரென்று சாய்ந்து அடித்தது. ஓடிவந்து பார்த்தால் கதவு ஓரம் அடுக்கியிருந்த கம்பளியெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

மறுநாள் காலையில் விசாரணை. உள்ளே போவதற்கு முன்னால் கன்னியம்மா என்னைத் தேற்றினார். இரண்டு பேருமாகச் சொல்லிவிட்டால் துரை திட்டிவிட்டு விட்டுவிடுவார் என்றார். நான் தலையாட்டினேன்.

கேப்டன் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். கன்னியம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“நாமதான் நைனா கதவச் சாத்தாத வுட்டுட்டோம். அத்தச் சொல்லு.”

‘நாங்க’ என்று சொல்லியிருந்தால் மற்ற தையல் பெண்களைச் சேர்த்துச் சொன்னதாக எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். ‘நாம’ என்றார். அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். ‘வீ’ என்றால் யார் யார் என்பார். சாவி யாரிடம் என்பார். என் வேலை, வீட்டில் என் சம்பளத்தைச் சொல்லிப் பூரிக்கிற அம்மா, எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

‘ஷீ’ என்றேன்.

கேப்டன் அதை வாக்குமூலமாக எழுதச் சொன்னார். கன்னியம்மாவே சொல்வதுபோல எழுதவேண்டும் அல்லவா? ஆகவே ‘ஐ’ என்று தொடங்கி எழுதினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது நான், வேறு யாருக்கும் அதில் சம்பந்தமில்லை என்று. இலக்கணப்படி ஒரு பிழை கிடையாது.

“இன்னா நைனா எழுதிக்கீறே?”

“நீ சொன்னதத்தான்.”

கட்டைவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார். பத்து நிமிஷத்தில் அவர் வேலை போயிற்று. எனக்கு எதுவும் ஆகவில்லை.

தன் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது நான் கொட்டகை வாசலில் நின்றேன். அழுகையோ சாபமோ வரும் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இங்கிலீசுல நாமன்றதுக்கு வார்த்த கெடயாதா நைனா?”

“கெடயாது” என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியான பதில்தான். ‘வீ’ என்பதில் நாங்களும் உண்டு, நாமும் உண்டு. பிரித்துச் சொல்ல அங்கே வழியில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் இலக்கணப்படி உண்மையாக இருந்துவிட்டது. “அப்டியா” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல், என் பங்கு அரிசியை ஒரு பையில் கட்டி மண்ணூர்பேட்டைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. செம்பரம்பாக்கத்தில் தம்பி வீட்டோடு போய்விட்டார்களாம். அடுத்த ஞாயிறு அங்கேயும் சைக்கிளை மிதித்தேன். ஏரிக்குக் கீழே ஒரு செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். பின்னால் பெரிய பெண்ணும் சுமந்தாள். பத்து வயது இருக்கும். என்னைக் கண்டதும் தலைச்சும்மாட்டை எடுத்துவிட்டு வந்தார்.

“வாங்க சார். நீங்க நல்லா கீறீங்களா?”

அவர் என்னை ‘நீங்க’ என்று சொன்னது அன்றைக்குத்தான். கணவர் கார்த்திகையில் தவறிப்போய்விட்டார் என்றார். நான் சொல்லவேண்டியதை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு சிநேகிதனைப் பார்க்க இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னேன். அரிசிப் பையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சிநேகிதர் வீட்டுக்குக் கொண்டுபோங்க என்றார்.

சண்டை முடிந்ததும் கிடங்கைக் கலைத்தார்கள். பழைய காகிதங்களை வெளியே குவித்துக் கொளுத்தியபோது நானும் நின்றிருந்தேன். அந்த வாக்குமூலம் எந்தக் கட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உருவி எடுத்திருக்கலாம். எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போதே எரிந்துவிட்டது.

கொட்டகை இருந்த இடம் இன்று தெரியவில்லை. சூளை இருந்த பக்கம் கற்கள் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். மண்ணூர்பேட்டையில் கன்னியம்மாவின் வயல் இருந்த இடத்தைச் சுற்றித் தொழிற்சாலைச் சுவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போய் விசாரித்தேன். டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எந்தக் கன்னிம்மா சார்? அவுங்க உங்களுக்கு இன்னா ஓணும்?”

என்ன உறவென்று சொல்வது? டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.