கூடையில் இரண்டு தட்டு

எனக்கு வலிப்பு உண்டென்பதை மறைத்துத்தான் அம்மா என்னை நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாள். எப்போதாவதுதான் வரும். ஆனாலும் தெரிந்துவிட்டால் மலையேற விடமாட்டார்கள், வேலைப் பதிவில் பேரை வெட்டிவிடுவார்கள். அப்புறம் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதற்கு வலிப்பே தேவலை.

பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் என்னைவிட மூத்தவள். மலையில் நான் முதன்முதலாக விழுந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். கண் விழித்தபோது கூடைக் கயிறு என் தலையிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தேன். கையில் இரும்பைத் திணிக்கவில்லை, முகத்தில் தண்ணீரை அடிக்கவில்லை.

"பயப்படாத புள்ள, யாரும் பார்க்கல. எனக்கும் இந்தக் கருமந்தான்" என்றாள்.

அழுதுவிட்டேன். உலகத்திலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதன்பின் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒட்டிக்கொண்டே நிற்போம், அப்போதுதான் அடுத்தடுத்த நிரை கிடைக்கும். பனிமூட்டம் இறங்கினால் அடுத்த நிரை தெரியாது. அதனால் செடியின் மட்டம் பார்க்க வைத்திருக்கும் குச்சியால் கூடையில் இரண்டு தட்டு தட்டுவோம். பதிலுக்கு இரண்டு தட்டு வரவேண்டும். வராவிட்டால் செடியைப் பிளந்துகொண்டு ஓடுவோம். விழுந்தவள் கூடையில் மற்றவள் சில பிடி கொழுந்தை அள்ளிப் போடுவாள், நிறுவையில் குறைந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே.

"வர்றதுக்கு முன்னாடி ஒனக்கு என்ன வாசம் அடிக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கருகின ரொட்டி வாசங்க்கா."

"குடுத்து வச்சவ. எனக்கு மண்ணெண்ணெய்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். மற்றவர்கள் எங்களைக் கிறுக்கிகள் என்றார்கள்.

அவள் புருஷன் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார். அனுமதி வந்துவிட்டது. ஹட்டனில் ரயிலேறுவதற்கு முந்தின நாள், "அடுத்த நெரைக்காரிகிட்ட சொல்லி வச்சுக்க புள்ள. ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

"அங்க ஒங்களுக்கு யாருக்கா தட்டுவா?"

அவள் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்த நிரைக்கு வந்தவள் மாமியாரின் தங்கை மருமகள். அவளிடம் சொல்வதும் ஒன்றுதான், தோட்டம் முழுக்கத் தப்படித்துச் சொல்வதும் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டேன். பேச்சுத்துணை இல்லாமல் மலை பெரிதாகிவிட்டது.

பனி இறங்கிய ஒரு மத்தியானம் ரொட்டி கருகியது. கை தானாகக் கூடையில் இரண்டு தட்டு தட்டியது.

"என்னக்கா, அட்டை கடிச்சிருச்சா?" என்று புதியவள் அடுத்த நிரையிலிருந்து கத்தினாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

விழித்தபோது கன்னம் சேற்றில் இருந்தது. கூடைக் கயிறு நெற்றியை அறுத்துக்கொண்டிருந்தது. கொழுந்து சிதறிக் கிடந்தது, மலையில் ஆளில்லை. பொறுக்கி எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கடைசியாகப் போனேன்.

"எங்க போன? தூங்கிட்டியா?" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமாங்கய்யா, கண்ணசந்துட்டேன்."

பேர் தப்பியது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். கன்னத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.